அமெரிக்காவில் வாழும் பிரிட்டிஷார்: சமூக வாழ்வும் குடிமைப் பங்கேற்பும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டிஷ் கடவுச்சீட்டுடன் வேலைக்காகவோ திருமணத்தாலோ அமெரிக்காவுக்கு வந்து தங்கிவிட்டவர்களுக்காக இக்கேள்வி-பதில் எழுதப்பட்டுள்ளது. லண்டனிலோ லெஸ்டரிலோ பல்லாண்டு வாழ்ந்து, அந்நாட்டுக் குடியுரிமை பெற்று, பின்னர் நியூஜெர்சிக்கோ டெக்சாஸுக்கோ இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களும் இவர்களில் அடங்குவர். வாக்குரிமை இல்லாத ஊரில் பொதுக் காரியங்களில் நமக்கு என்ன வேலை என்று ஒதுங்கியிருப்பவர்கள் நிறையப் பேர். சட்டம் அவர்களுக்குத் தடுத்திருப்பவை மிகச் சில. அந்தச் சிலவற்றில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். மற்ற எல்லாவற்றிலும் முதல் ஆண்டிலிருந்தே பங்கேற்கலாம், பங்கேற்கவும் வேண்டும் என்பதே இதை எழுதியவரின் உறுதியான கருத்து.

அமெரிக்காவில் பிரிட்டிஷ் சமூகம் என்று ஒன்று உண்மையில் இருக்கிறதா?

பிரிட்டனில் பிறந்து அமெரிக்காவில் வாழ்பவர்கள் ஏறத்தாழ ஏழு லட்சம் பேர். கலிபோர்னியா, புளோரிடா, நியூயார்க், டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் அவர்கள் அதிகம். ஆயினும் அவர்களை ஒரே பேட்டையில், ஒரே கடைத்தெருவில் காண்பது அரிது. ஆங்கிலம் பொதுமொழியாக இருப்பதால் வந்திறங்கிய நாளிலிருந்தே வேலையிலும் அக்கம்பக்கத்திலும் கலந்துவிட முடிகிறது. மொழிக்காகவோ வழிபாட்டுக்காகவோ தமக்கென்று ஒரு கூட்டத்தைத் தேட வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு நேர்வதில்லை. தமிழர்கள் 1987-லேயே வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவையை அமைத்தது போல, ஊர்ச் சங்கங்கள் அனைத்தையும் இணைக்கும் பெரிய அமைப்பு எதுவும் பிரிட்டிஷாரிடம் வளரவில்லை.

இந்த எளிமைக்கு ஒரு விலையும் உண்டு. பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிய பின்னரோ, துணையை இழந்த பின்னரோ, தம் இளமைக்கால ஊரையும் பேச்சையும் பகிர்ந்துகொள்ள ஒருவரும் அருகில் இல்லை என்பதைப் பலர் காலம் கடந்தே உணர்கிறார்கள். ஆகவே சங்கங்களைத் தேவை வருவதற்கு முன்பே தேடிக்கொள்வது நல்லது.

எந்தெந்த அமைப்புகளில் சேரலாம்?

மிகப் பழைய அமைப்புகள் அறச்சங்கங்களாகத் தொடங்கியவை. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் ஸ்காட்லாந்தியர்களுக்கான செயின்ட் ஆண்ட்ரூ சங்கமும் பிலடெல்பியாவில் வேல்ஸ்காரர்களின் சங்கமும் 1729-இல் தோன்றின. நியூயார்க்கில் இங்கிலாந்துக்காரர்கள் செயின்ட் ஜார்ஜ் சங்கத்தை 1770-இல் நிறுவினார்கள். அமெரிக்கா என்ற நாடே அப்போது பிறந்திருக்கவில்லை. கப்பலிலிருந்து இறங்கி, வேலை கிடைக்காமல், நோயுற்று, திரும்பிப் போகவும் வழியின்றி நின்ற சொந்த ஊர்க்காரர்களுக்கு உதவுவதே இவற்றின் முதல் நோக்கம். நியூயார்க் சங்கம் இன்றும் முதியவர்களுக்கு உதவித்தொகையும் மாணவர்களுக்குக் கல்வி உதவியும் வழங்குகிறது. விருந்துகளும் விழாக்களும் நடத்தப்படுவது பெரும்பாலும் அந்த நிதியைத் திரட்டவே.

பெண்களுக்கென 1909-இல் தோன்றிய ‘டாட்டர்ஸ் ஆஃப் தி பிரிட்டிஷ் எம்பயர்’ என்ற அமைப்பு தனியே குறிப்பிடத்தக்கது. பெயரில் உள்ள பேரரசு மறைந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. அதன் உறுப்பினர்கள் உருவாக்கிய முதியோர் இல்லங்களின் பணி நிலைத்தது. நியூயார்க், இல்லினாய், கலிபோர்னியா, டெக்சாஸ் மாநிலங்களில் இத்தகைய இல்லங்களை எழுப்ப, மாநிலந்தோறும் இருந்த சிறு கிளைகள் தேநீர் விருந்துகளும் கைவினைச் சந்தைகளும் நடத்திப் பணம் சேர்த்தன. பிரிட்டனில் பிறந்தவர்கள் மட்டுமல்லாமல் காமன்வெல்த் நாடுகளைப் பூர்விகமாகக் கொண்ட பெண்களும் இதில் சேரலாம் என்பதால், யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ பிறந்து பிரிட்டன் வழியாக வந்தவர்களுக்கும் இங்கே இடம் உண்டு.

ஸ்காட்லாந்து மரபில் பற்றுள்ளவர்களுக்கு இன்னும் பல வாய்ப்புகள் இருக்கின்றன. வட கரோலினாவின் கிராண்ட்ஃபாதர் மலையில் 1956 முதல் ஹைலேண்ட் விளையாட்டு விழா நடந்து வருகிறது. ஏப்ரல் 6-ஆம் தேதியை, ஸ்காட்லாந்து மரபைப் போற்றும் டார்ட்டன் நாளாக அமெரிக்க செனட் 1998-இல் அங்கீகரித்தது. அந்நாளையொட்டி நியூயார்க்கில் ஊர்வலமும் நடைபெறுகிறது.

சங்கக் கூட்டங்களில் நாட்டமில்லாதவர் என்ன செய்யலாம்?

விளையாட்டைத் தேடிப் போகலாம். பிரிட்டனில் சனிக்கிழமை நண்பகல் 12.30 மணிக்குத் தொடங்கும் கால்பந்து ஆட்டம் நியூயார்க்கில் காலை 7.30 மணிக்கும் லாஸ் ஏஞ்சலிஸில் அதிகாலை 4.30 மணிக்கும் தெரியும். அந்த நேரத்தில் ஒரு மதுக்கூடத்தின் கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கும் ரசிகர் குழு ஏறக்குறைய எல்லாப் பெருநகரங்களிலும் இருக்கிறது. புதிதாக வந்தவருக்கு வாடகை வீடு, பல் மருத்துவர், வரிக் கணக்காளர் பற்றிய முதல் தகவல்கள் பெரும்பாலும் இத்தகைய இடங்களிலேயே கிடைக்கின்றன.

கிரிக்கெட்டுக்கு இங்கே நீண்ட வரலாறு உண்டு. இங்கிலாந்து அணிக்குத் தலைமை தாங்கி, பின்னர் நடிகரான ஆப்ரி ஸ்மித் 1932-இல் ஹாலிவுட் கிரிக்கெட் கிளப்பைத் தொடங்கினார். இன்று அமெரிக்காவின் வார இறுதி மைதானங்களில் ஆடுவோரில் பெரும்பாலோர் தெற்காசிய வம்சாவளியினர். 2023-இல் தொடங்கிய மேஜர் லீக் கிரிக்கெட்டில் டெக்சாஸ் அணி சென்னை சூப்பர் கிங்ஸின் பெயரையே பின்பற்றுகிறது. யார்க்ஷயர்க்காரரும் மதுரைக்காரரும் ஒரே அணியில் பந்து வீசுவது இங்கே வெகு இயல்பு.

கிரீன் கார்டு இருந்தால் அமெரிக்கத் தேர்தல்களில் வாக்களிக்கலாமா?

கூடாது. இக்கேள்வி-பதிலில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதையே வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர் அதிபர், செனட், பிரதிநிதிகள் சபைத் தேர்தல்களில் வாக்களிப்பதை 1996-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். குடியேற்றச் சட்டத்தின் விளைவு இதைவிடக் கடுமையானது: சட்டத்துக்குப் புறம்பாக வாக்களித்தவரும், தம்மை அமெரிக்கக் குடிமகன் என்று பொய்யாகக் குறிப்பிட்டவரும் நாடு கடத்தப்படலாம். குடியுரிமை விண்ணப்பத்திலும் இது பற்றி நேரடியாகக் கேட்கிறார்கள்.

பிரிட்டனிலிருந்து வருபவர்களுக்கு இங்கே ஒரு தனி ஆபத்து இருக்கிறது. அங்கே இந்திய, இலங்கைக் குடிமக்கள் உட்பட, சட்டப்படி வசிக்கும் காமன்வெல்த் நாட்டவர் நாடாளுமன்றத் தேர்தலிலேயே வாக்களிக்கலாம். பிரிட்டிஷ் குடியுரிமை கிடைப்பதற்கு முன்பே அங்கே வாக்களித்துப் பழகிய தமிழர்கள் ஏராளம். வசிப்பதே வாக்குரிமை தரும் என்ற அந்தப் பழக்கத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுவரக் கூடாது.

பெரும்பாலான தவறுகள் நிகழும் இடம் ஓட்டுநர் உரிம அலுவலகம். உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போதே வாக்காளராகவும் பதிவு செய்துகொள்ளும் வசதியை 1993-ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கியது. படிவத்தில் அந்தக் கேள்வி வரும்போது அலுவலர் சொல்வதைக் கேட்டோ அவசரத்திலோ ‘ஆம்’ என்று குறித்துவிட்டால், வாக்குச் சாவடிக்கே போகாவிட்டாலும் சிக்கல் தொடங்கிவிடும். ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். தவறுதலாகப் பெயர் சேர்ந்துவிட்டதாகத் தெரிந்தால், நீக்கக் கோருவதற்கு முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைச் சந்திப்பது அவசியம்.

எந்தத் தேர்தலிலுமே வழியில்லையா?

சில ஊர்களில், உள்ளூர்த் தேர்தல்களில் மட்டும் உண்டு. மேரிலாந்து மாநிலத்தின் டகோமா பார்க் நகரம் 1992 முதல் குடியுரிமை இல்லாத குடியிருப்பாளர்களுக்கும் நகராட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை தந்திருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவில் 2016-இல் நடந்த வாக்கெடுப்பின் பயனாக, பிள்ளைகள் உள்ள குடியேறிகள் 2018 முதல் பள்ளி வாரியத் தேர்தலில் வாக்களிக்கிறார்கள். வெர்மான்ட் மாநிலத்தின் மான்ட்பீலியர், வினூஸ்கி ஆகிய நகரங்கள் 2021-இல் இவ்வுரிமையைப் பெற்றன. தலைநகர் வாஷிங்டனில் 2024-இல் அது முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. நியூயார்க் நகரமும் இத்தகைய சட்டம் ஒன்றை இயற்றியது. ஆனால் 2025 மார்ச்சில் அம்மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. இவ்விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை என்பதால், வாக்களிப்பதற்கு முன் நகர எழுத்தர் அலுவலகத்தில் நேரில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இது அமெரிக்காவுக்குப் புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல மாநிலங்கள் குடியுரிமை பெறாதவர்களுக்கும் முழு வாக்குரிமை அளித்திருந்தன. கடைசியாக அதை நிறுத்திய மாநிலம் ஆர்கன்சாஸ், ஆண்டு 1926.

வாக்கு இல்லாதவரின் குரலை யார் கேட்பார்கள்?

பிரதிநிதிகள் சபையின் இடங்கள் வாக்காளர் எண்ணிக்கையை வைத்துப் பங்கிடப்படுவதில்லை. அரசியல் சாசனத்தின் 14-ஆவது திருத்தம் ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ள ‘நபர்கள்’ அனைவரையும் கணக்கிடச் சொல்கிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிரிட்டிஷ் குடிமகனும் எண்ணப்படுகிறார். அவர் இருப்பதாலும் அம்மாநிலத்தின் பிரதிநிதித்துவம் கூடுகிறது. அடுத்த கணக்கெடுப்பு 2030-இல். அதற்குப் பதிலளிப்பது சட்டக் கடமையும்கூட.

எனவே உங்கள் தொகுதியின் உறுப்பினர் உங்களுக்கும் உறுப்பினரே. விசா மனு மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தாலோ, சமூகப் பாதுகாப்பு அலுவலகம் பதில் தராவிட்டாலோ அவருடைய அலுவலகத்துக்கு எழுதலாம். அங்கே இதற்கென்றே பணியாளர்கள் இருக்கிறார்கள். கடவுச்சீட்டின் நிறத்தைப் பார்த்து அவர்கள் திருப்பி அனுப்புவதில்லை. பலர் இந்த வழியை அறியாமலேயே ஆண்டுக்கணக்கில் தவித்துப்போகிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது.

உள்ளூர் அளவில் வாய்ப்பு இன்னும் அதிகம். நகர சபை, பள்ளி வாரியம், நில வகைப்பாட்டுக் குழு ஆகியவற்றின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. கலிபோர்னியாவில் 1953-ஆம் ஆண்டின் பிரவுன் சட்டம் அங்கே பொதுமக்கள் பேசும் உரிமையையும் உறுதிசெய்கிறது. பேச எழுந்தவரிடம் குடியுரிமைச் சான்று கேட்பதில்லை. வழக்கமாகச் சில நிமிடங்களே தரப்படும். தெருவில் வேகத்தடை வேண்டும், நூலக நேரத்தைக் குறைக்கக் கூடாது என்பன போன்ற கோரிக்கைகள் இத்தகைய சில நிமிடப் பேச்சுகளால் நிறைவேறுவதுண்டு. கூட்டத்துக்குத் தொடர்ந்து வருபவரை உறுப்பினர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள். ஒருமுறை ஆவேசமாகப் பேசுவதைவிட அதன் பயன் பெரிது. கலிபோர்னியா 2019-இல் இயற்றிய மற்றொரு சட்டப்படி, நியமன முறையில் நிரப்பப்படும் அரசுக் குழுக்களிலும் குடியுரிமை இல்லாத குடியிருப்பாளர் இடம்பெறலாம்.

ஜூரிப் பணிக்கு அழைப்புக் கடிதம் வந்திருக்கிறது. என்ன செய்வது?

ஓட்டுநர் உரிமப் பட்டியலிலிருந்தும் பெயர்கள் எடுக்கப்படுவதால் குடியுரிமை இல்லாதவர்களுக்கும் இக்கடிதம் வருவதுண்டு. அமெரிக்கக் குடிமக்கள் மட்டுமே ஜூரியாக அமர முடியும். கடிதத்தை ஒதுக்கிவைக்காமல், உடன் உள்ள படிவத்தில் ‘குடிமகன் அல்ல’ என்ற பகுதியைக் குறித்து உரிய நாளுக்குள் அனுப்பிவிட வேண்டும். ஒரு நகலையும் வைத்துக்கொள்ளுங்கள்.

வேட்பாளருக்கு நன்கொடை தரலாமா? பிரசாரத்தில் உதவலாமா?

கிரீன் கார்டு உள்ளவர் நன்கொடை தரலாம். வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ இருப்பவர் தரக்கூடாது. இந்தத் தடை அதிபர் தேர்தல் முதல் நகர சபைத் தேர்தல் வரை எல்லாவற்றுக்கும் பொருந்தும். இத்தடையை எதிர்த்த வழக்கிலும் 2012-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தடையையே உறுதிசெய்தது. நன்கொடை விருந்துக்குச் சீட்டு வாங்குவதும் வேட்பாளரின் பெயர் பொறித்த சட்டையை அவருடைய பிரசாரக் குழுவிடம் விலைக்கு வாங்குவதும் நன்கொடையாகவே கருதப்படும் என்பதைப் பலர் அறிவதில்லை.

உழைப்பைத் தருவது வேறு. ஊதியம் பெறாமல் வீடு வீடாகச் செல்வதற்கும் தொலைபேசியில் பேசுவதற்கும் வெளிநாட்டவருக்கு அனுமதி உண்டு. பிரசாரப் பணத்தை எப்படிச் செலவிடுவது என்ற முடிவுகளில் மட்டும் பங்கேற்கக் கூடாது. 2024 அக்டோபரில், கமலா ஹாரிஸுக்காகப் பணியாற்ற பிரிட்டனின் தொழிற்கட்சியைச் சேர்ந்தவர்கள் அமெரிக்கா வந்தபோது, டிரம்பின் பிரசாரக் குழு கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தில் புகார் அளித்தது. தம் சொந்தச் செலவில், சொந்த நேரத்தில் அவர்கள் வந்ததாகத் தொழிற்கட்சி விளக்கம் தந்தது. யார் செலவு செய்தார்கள் என்ற கேள்வி எவ்வளவு கூர்மையாக எழும் என்பதற்கு இது உதாரணம்.

இதைவிடப் பழைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1888 அதிபர் தேர்தலின்போது, பிரிட்டனில் பிறந்து அமெரிக்கக் குடிமகனானவர் போலத் தம்மைக் காட்டிக்கொண்ட ஒருவர், ‘மர்ச்சிசன்’ என்ற பொய்ப்பெயரில் வாஷிங்டனிலிருந்த பிரிட்டிஷ் தூதர் சாக்வில்-வெஸ்டுக்குக் கடிதம் எழுதி, யாருக்கு வாக்களிப்பது என்று ஆலோசனை கேட்டார். கலிபோர்னியாவைச் சேர்ந்த குடியரசுக் கட்சி ஆதரவாளர் ஒருவர் விரித்த வலை அது. மீண்டும் போட்டியிட்ட அப்போதைய அதிபர் குரோவர் கிளீவ்லாந்து பக்கம் சாய்ந்து தூதர் எழுதிய பதில் செய்தித்தாள்களில் வெளியானது, தூதர் வெளியேற்றப்பட்டார், கிளீவ்லாந்து தேர்தலில் தோற்றார். புலம்பெயர்ந்த பிரிட்டிஷாரின் வாக்கும் கருத்தும் அமெரிக்க அரசியலில் எவ்வளவு எளிதில் கருவியாக்கப்படும் என்பதை அந்தக் கடிதம் காட்டியது. எந்தக் கட்சிக்காக உழைத்தாலும் அதை ஒரு தனி மனிதராக, வெளிப்படையாகச் செய்வதே பாதுகாப்பு.

வேலை விசாவில் இருப்பவர் தன்னார்வப் பணி செய்தால் விசாவுக்குப் பாதகம் வருமா?

உண்மையான தன்னார்வப் பணியால் பாதகம் வராது. உணவு வங்கியில் பொருட்களைப் பிரித்து அடுக்குவது, பூங்காவைச் சுத்தம் செய்வது, பள்ளி விழாவில் கடை போடுவது ஆகியவற்றில் எவரும் ஈடுபடலாம். வழக்கமாகச் சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் ஒரு வேலையைச் சம்பளமின்றிச் செய்வது மட்டும் அனுமதியற்ற வேலையாகக் கருதப்படக்கூடும். ஒரு தொண்டு நிறுவனத்தின் கணக்குப் பதிவுகளை முழுநேரமாகப் பார்த்துக்கொடுத்து, அதற்கு ஈடாகத் தங்குமிடமோ பரிசோ பெறுவது அந்த வகையில் சேரும். வாழ்க்கைத் துணையின் விசாவில் வந்து வேலை அனுமதியின்றி வீட்டிலிருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம்; தன்னார்வப் பணியே அவர்கள் ஊரை அறிவதற்கான சிறந்த வழி என்பதால், அச்சத்தில் அதைக் கைவிட வேண்டாம்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவருக்குப் பொது நூலகத்தைப் பரிந்துரைக்கிறேன். ஸ்காட்லாந்தின் டன்ஃபெர்ம்லைனில் நெசவாளர் மகனாகப் பிறந்த ஆண்ட்ரூ கார்னெகியின் கொடையால் அமெரிக்காவில் 1,600-க்கும் மேற்பட்ட நூலகங்கள் எழுந்தன. பெரும்பாலான நூலகங்களுக்கு ‘நண்பர்கள் குழு’ ஒன்று இருக்கும். பழைய புத்தக விற்பனைக்கு ஆள் தேவைப்படாத மாதமே அவர்களுக்கு இல்லை.

பள்ளியில் பிள்ளை அமெரிக்கக் கொடிக்கு விசுவாச உறுதிமொழி சொல்லியே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளை எவரையும் கொடிக்கு வணக்கம் செலுத்தவோ உறுதிமொழி சொல்லவோ கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1943-இல், அதுவும் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளை அமைதியாக இருந்தால் போதும். ஆசிரியரிடம் ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் பிள்ளைக்கு வகுப்பில் சங்கடம் வராது.

பெற்றோர்-ஆசிரியர் சங்கத்தில் சேர்வதற்கும் அதில் பொறுப்பு ஏற்பதற்கும் குடியுரிமை ஒரு நிபந்தனை அல்ல.

ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொள்ளலாமா?

அமெரிக்காவில் வசிக்கும் வெளிநாட்டவருக்கும் பேச்சுரிமை உண்டு என்று, ஆஸ்திரேலியாவில் பிறந்த துறைமுகத் தொழிற்சங்கத் தலைவர் ஹாரி பிரிட்ஜஸின் வழக்கில் 1945-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. எனினும் விசா வழங்குவதிலும் புதுப்பிப்பதிலும் அரசுக்கு விரிந்த அதிகாரம் இருக்கிறது; ஒரு சிறு கைது நடவடிக்கைகூடப் பின்னாளில் விண்ணப்பங்களில் விளக்கப்பட வேண்டியதாகும். அனுமதி பெற்ற, அமைதியான கூட்டங்களுக்குச் செல்லலாம். சாலை மறியல் போன்றவற்றில் குடிமகனுக்கு அபராதத்தோடு முடிவது விசாதாரருக்கு அப்படி முடியாமல் போகலாம் என்பதை எடைபோட்டு முடிவு செய்ய வேண்டும்.

பிரிட்டனில் எனக்கிருந்த வாக்கு இன்னும் இருக்கிறதா?

பிரிட்டிஷ் குடியுரிமை இருக்கும்வரை இருக்கிறது. வெளிநாட்டில் 15 ஆண்டுகள் கழித்தவரின் வாக்குரிமை பறிபோகும் என்ற பழைய விதியை 2022-ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டம் நீக்கியது. 2024 ஜனவரி 16 முதல் அது நடைமுறையில் உள்ளது. முப்பது ஆண்டுகளுக்கு முன் கிளம்பி வந்தவரும் இப்போது தாம் கடைசியாகப் பதிவு பெற்றிருந்த, அல்லது வாழ்ந்த, முகவரியின் தொகுதியில் மீண்டும் பெயர் சேர்க்கலாம். பதிவு மூன்றாண்டுகள் வரை செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். நாடாளுமன்றத் தேர்தலுக்கே இவ்வுரிமை. உள்ளாட்சித் தேர்தலிலும், ஸ்காட்லாந்து, வேல்ஸ் சட்டமன்றத் தேர்தல்களிலும் இது இல்லை. லண்டனில் இந்தியக் குடிமகனாகவே வாக்களித்து வந்து, பிரிட்டிஷ் குடியுரிமை பெறாமலேயே அமெரிக்கா வந்தவருக்கும் இது கிடையாது.

தபால் வாக்கை நம்பியிருக்க வேண்டாம் என்பது என் அறிவுரை. வாக்குப்பதிவுக்கு 12 வேலைநாட்களுக்கு முன் பதிவு முடிகிறது. வேட்பாளர் பட்டியல் இறுதியான பிறகே வாக்குச்சீட்டு அச்சாகிறது. அது அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்து, நிரப்பப்பட்டு, வாக்குப்பதிவு நாளன்று இரவு 10 மணிக்குள் திரும்பிச் சேர வேண்டும். 2024 ஜூலை 4 தேர்தலில் வெளிநாட்டு வாக்காளர் பலருக்குச் சீட்டு காலத்தில் வந்து சேரவே இல்லை. அத்தொகுதியிலோ அருகிலோ வசிக்கும் நம்பிக்கைக்குரிய உறவினர் ஒருவரை, உங்கள் சார்பில் வாக்களிக்கும் பதிலி வாக்காளராக நியமிப்பதே உறுதியான வழி.

வெளிநாடுவாழ் குடிமக்களுக்கென்றே பிரான்ஸ் 11 தொகுதிகளை ஒதுக்கியிருக்கிறது. பிரிட்டனில் அப்படி இல்லை. உங்கள் வாக்கு பழைய ஊரின் பல்லாயிரம் வாக்குகளோடு கலந்துவிடுகிறது. அதனால்தான் அந்தத் தொகுதியின் உறுப்பினருக்கு அவ்வப்போது கடிதம் எழுதுவதும் முக்கியமாகிறது. ஓய்வூதிய விவகாரம் இதற்கொரு காரணம்: அமெரிக்காவில் வாழ்பவரின் பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் ஆண்டுதோறும் உயர்கிறது, எல்லை தாண்டிக் கனடாவில் வாழ்பவருடையது உயர்வதில்லை. அங்குள்ளவர்கள் நடத்தும் நீண்ட போராட்டத்துக்கு இங்குள்ளவர்களின் ஆதரவும் தேவைப்படுகிறது.

அமெரிக்கக் குடியுரிமை பெற்றால் பிரிட்டிஷ் குடியுரிமை போய்விடுமா?

போகாது. அந்நிய மன்னர், அரசு எவருக்கும் உள்ள விசுவாசத்தை முற்றாகக் கைவிடுவதாக அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழி சொல்ல வைக்கிறது. அதைக் கேட்டு அஞ்சி, விண்ணப்பிக்காமலேயே முதுமையடைந்தவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டிஷ் சட்டப்படி, உள்துறையிடம் முறையாக விண்ணப்பித்துக் கைவிட்டாலன்றி அந்நாட்டுக் குடியுரிமை நீங்குவதில்லை. 1949-க்கு முன் நிலைமை வேறாக இருந்தது. 1870-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேறு நாட்டில் குடிமகனானவர் பிரிட்டிஷ் உரிமையை இழந்தார். குடும்பங்களில் உலவும் அச்சம் பெரும்பாலும் அந்தக் காலத்தின் மிச்சமே. பரம்பரைப் பிரபுப் பட்டம் உள்ளவர் மட்டும் பட்டத்தை வெளிப்படையாகத் துறக்க வேண்டும்.

கிரீன் கார்டு பெற்று ஐந்து ஆண்டுகள் கழித்து, அமெரிக்கக் குடிமகனை மணந்து சேர்ந்து வாழ்பவராயின் மூன்று ஆண்டுகள் கழித்து, விண்ணப்பிக்கலாம். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பித்தவர்கள் குடிமையியல் தேர்வுக்காக 128 கேள்விகளைப் படித்துவர வேண்டும். 20 கேட்கப்படும், 12-க்குச் சரியான விடை வேண்டும். அன்றைய அமெரிக்கக் குடியேற்றத்தினர் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்தது ஏன் என்ற பொருளில் ஒரு கேள்வி நெடுங்காலமாக அத்தேர்வில் இருந்து வருகிறது. பிரதிநிதித்துவமின்றி வரி விதித்ததால் என்பது ஏற்கப்படும் விடைகளுள் ஒன்று.

இரட்டைக் குடியுரிமை பெற்றவருக்கு அமெரிக்க மண்ணில் பிரிட்டிஷ் தூதரகம் வழக்கமாக உதவ முன்வராது என்பது ஓர் இழப்பு. ஆனாலும் இங்கேயே வாழ்ந்து முடிக்கப்போகிறவர் குடியுரிமை பெறுவதே சரி என்று நினைக்கிறேன்.

பிள்ளைகள் ராணுவத்துக்குப் பதிவு செய்ய வேண்டுமா?

18 முதல் 25 வயது வரையிலான ஆண்கள், கிரீன் கார்டு உள்ளவர்களும் சேர்த்து, கட்டாய ராணுவச் சேவைப் பட்டியலில் இடம்பெற வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. மாணவர், வேலை விசாக்களில் முறையாகத் தங்கியிருப்பவர்களுக்கு இது பொருந்தாது. பெயர் இல்லாதது பின்னாளில் குடியுரிமை விண்ணப்பத்தைப் பாதிக்கக்கூடும்.

போர் வீரர்களை நினைவுகூரும் நாள் அமெரிக்காவில் எப்போது?

பிரிட்டனில் நவம்பரில் சிவப்புப் பாப்பிப் பூ அணிவார்கள். அமெரிக்காவில் அந்தப் பூ மே மாத இறுதியில் வரும் நினைவு நாளோடு இணைந்தது; நவம்பர் 11 இங்கே உயிரோடிருக்கும் முன்னாள் படைவீரர்களைப் போற்றும் நாள்.

பிரிட்டிஷார் தவறாமல் செல்ல வேண்டிய இடங்கள் சில உண்டு. 1942 மே மாதத்தில், அமெரிக்கக் கடற்கரையைக் காக்க அனுப்பப்பட்ட ‘பெட்ஃபோர்ட்ஷயர்’ என்ற ஆயுதம் தாங்கிய மீன்பிடிக் கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி ஒன்று வட கரோலினாவுக்கு அப்பால் மூழ்கடித்தது, ஒருவரும் பிழைக்கவில்லை. கரையொதுங்கிய நான்கு உடல்களை ஒக்ரகோக் தீவு மக்கள் அடக்கம் செய்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் அங்கே அஞ்சலி நடைபெறுகிறது. புளோரிடாவின் ஆர்கேடியாவில், விமானப் பயிற்சியின்போது இறந்த 23 பிரிட்டிஷ் இளைஞர்களின் கல்லறைகளுக்கு உள்ளூர் மக்கள் ஆண்டுதோறும் நினைவு நாளில் மரியாதை செய்கிறார்கள். யாரென்றே அறியாத பிள்ளைகளுக்கு அந்தச் சிற்றூர் இத்தனை காலமாகச் செய்துவரும் கடனை அறிந்த பின், அங்கே போய் ஒரு நாளாவது உடன் நிற்காமலிருப்பது எப்படி? நியூயார்க்கின் ஹானோவர் சதுக்கத்தில், 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் உயிரிழந்த 67 பிரிட்டிஷாரின் நினைவாக ஒரு தோட்டம் அமைந்துள்ளது. இரண்டாம் எலிசபெத் அரசி அதை 2010 ஜூலையில் முறைப்படி திறந்துவைத்தார்.

குடியுரிமை பெற்ற பின் தேர்தலில் நிற்க முடியுமா?

அதிபர், துணை அதிபர் பதவிகள் தவிர எல்லாவற்றுக்கும் முடியும். பிரதிநிதிகள் சபைக்கு ஏழு ஆண்டுகளும் செனட்டுக்கு ஒன்பது ஆண்டுகளும் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். பிரிட்டனில் பிறந்தவர்கள் அமெரிக்கப் பொதுவாழ்வில் செய்தவை சிறியனவல்ல. லண்டனில் பிறந்த சாமுவேல் காம்பர்ஸ் 1886-இல் அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பை நிறுவினார். நியூகாசிலில் பிறந்த ஆனா ஹோவர்ட் ஷா 1904 முதல் 1915 வரை பெண்கள் வாக்குரிமைச் சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். ஸ்காட்லாந்தின் டன்பாரில் பிறந்த ஜான் மியூர் 1892-இல் சியரா கிளப்பைத் தொடங்கி, மலைகளையும் காடுகளையும் காக்கும் இயக்கத்துக்கு வழிகாட்டினார். மியூர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றது 1903-இல். அதாவது, அவருடைய பொதுப்பணியின் பெரும்பகுதி அதற்கு முன்பே நடந்துவிட்டது.

முதல் படி வாக்காளர் பதிவு. குடியுரிமை உறுதிமொழி ஏற்கும் விழா அரங்கிலேயே பதிவுப் படிவங்கள் கிடைப்பதுண்டு. 1920-இல் தோன்றிய பெண் வாக்காளர் சங்கத்தின் தன்னார்வலர்கள் 2025 ஆகஸ்ட் வரை பல ஊர்களில் அங்கே காத்திருந்து உதவிவந்தார்கள். பதிவுக்கான கடைசி நாள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும்: சிலவற்றில் தேர்தலுக்கு 30 நாட்களுக்கு முன்பே முடிந்துவிடும், சிலவற்றில் தேர்தல் நாளன்றே பதிவு செய்யலாம், வட டகோட்டாவில் பதிவு என்ற நடைமுறையே இல்லை.